ஓடுகிற சர்வரிலேயே ஓஎஸ் மாற்றம்: ரெட் ஹாட் 7-லிருந்து 8-க்குப் போன அனுபவம்

சர்வர்களுக்கான ஓஎஸ் (இயங்குதளம்) ஆன ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வெளிவந்தது 2014 ஜூனில், அதற்கான வழக்கமான பராமரிப்பு முடிந்தது 2024 ஜூன் 30-ல். அதே நாளில்தான் அதன் இலவச மறுபதிப்பான சென்ட்ஓஎஸ் 7-க்கும் முற்றுப்புள்ளி. தேதி எல்லாருக்கும் முன்பே தெரியும், ஆனாலும் ஆடிட்டில் கேள்வி வந்த பிறகுதான் பெரும்பாலான இடங்களில் வேலை சூடுபிடிக்கும், எங்கள் இடமும் விதிவிலக்கில்லை. பெரும்பாலும் விஎம்வேர் மேல் ஓடும் விஎம்கள் (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் சர்வர்கள்), கூடவே ஓரமாக வைத்திருந்த சில பழைய ஃபிசிக்கல் சர்வர்கள். இவற்றை அழித்துப் புதிதாக நிறுவாமல், இருக்கிற இடத்திலேயே 8-க்கு உயர்த்த வேண்டும். ரெட் ஹாட் இதற்காகத் தருவது லீப் என்ற கருவி. அதை எப்படி ஓட்டுவது என்பதற்கு ஆவணங்கள் நிறையவே இருக்கின்றன. ஓட்டுவதற்கு முன்னால் என்னென்ன செய்து வைத்தோம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு சர்வர் எழுப்பி, அப்ளிகேஷனை அங்கே நிறுவி, டேட்டாவை நகர்த்துவதுதான் சுத்தமான வழி. வாய்ப்பிருந்தால் அதையே செய்யுங்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாத சர்வர்கள் கணிசம். அப்ளிகேஷனை நிறுவிக் கொடுத்தவர்கள் தொடர்பில் இல்லை, நிறுவல் குறிப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை, சிலவற்றின் லைசென்ஸ் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. காசு கொடுத்து நீட்டிப்பு ஆதரவு வாங்கினால் 2028 ஜூன் 30 வரை 7-லேயே காலம் தள்ளலாம், அதையும் சில சர்வர்களுக்கு வாங்கினோம், எதற்கு என்று பின்னால் வருகிறேன்.

லீப் பற்றி முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது: அதற்குத் தெரிந்ததெல்லாம் ரெட் ஹாட் கையொப்பமிட்ட பேக்கேஜ்கள் மட்டுமே. 7-ல் இருந்த இன்ன பேக்கேஜ் 8-ல் இன்ன பெயரில் வரும், இது நீக்கப்பட்டது, இது இரண்டாகப் பிரிந்தது என்ற பட்டியலை அது கையில் வைத்திருக்கிறது. ஈபெல் என்ற கூடுதல் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து வந்தது, வென்டர் கொடுத்த ஆர்பிஎம் (ரெட் ஹாட்டின் பேக்கேஜ் வடிவம்), யாரோ டார் கோப்பைப் பிரித்து வைத்துவிட்டுப் போன ஜாவா, இவை எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆக லீப் கொடுக்கும் அறிக்கை பச்சையாக இருக்கிறது என்றால் ஓஎஸ் பாகம் ஏறிவிடும் என்று அர்த்தம், அப்ளிகேஷன் ஓடும் என்று அர்த்தமில்லை. மேலாளர்களிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் "டூல்தான் ஓகே சொல்லிவிட்டதே" என்ற கேள்வி கடைசி நேரத்தில் வரும்.

அதனால் எங்கள் திட்டம் ஒரு கணக்கெடுப்பில் தொடங்கியது. ஒவ்வொரு சர்வரிலும் ஆர்பிஎம் பட்டியலைப் பெயர், வென்டர், நிறுவிய தேதி என மூன்று பத்திகளாக எடுத்தோம். வென்டர் பத்தியில் ரெட் ஹாட் என்று இருந்த வரிகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் நம் தலைவலி. வழக்கமாக ஒரு பேக்கப் ஏஜென்ட், ஒரு மானிட்டரிங் ஏஜென்ட், ஒரு ஆன்ட்டிவைரஸ், ஈபெல்லிலிருந்து சில்லறைக் கருவிகள் கொஞ்சம். இது சுலபமான பாதி. ஆர்பிஎம்முக்கே தெரியாமல் உட்கார்ந்திருப்பவற்றைப் பிடிப்பதுதான் கஷ்டம், அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்: ப்ராக் கோப்பகத்துக்குள் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புராசஸும் எந்தக் கோப்பிலிருந்து கிளம்பியது என்று பார்த்து, அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று ஆர்பிஎம்மிடம் கேட்கும். "எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை" என்று பதில் வந்தால் தாளில் ஏற்று. ஒரு சர்வரில் இப்படி வெளியே வந்தவை: ஆப்ட் கோப்பகத்துக்குள் ஒரு பழைய ஜாவா, அதன் மேல் ஓடும் ஒரு டாம்கேட் (ஜாவா வெப் சர்வர்), ரூட் பயனரின் வீட்டுக் கோப்பகத்திலிருந்து பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி-லோக்கல் வழியாகக் கிளம்பும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில். கடைசியில் நிதிப் பிரிவுக்கு இரவில் ஒரு கோப்பு அனுப்புகிறது என்று தெரிந்தது. இரவில் மட்டும் எழுந்து வேலை செய்துவிட்டுத் தூங்கப் போகிறவை பகலில் எடுத்த பட்டியலில் சிக்காது, ஆகவே எல்லாப் பயனர்களின் கிரான்டேப்பையும் (குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) தனியாகச் சேகரியுங்கள்.

இந்தத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு ஆளின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். குழுவின் பெயர் செல்லாது, ஆள் பெயர்தான். அந்த ஆள் "8-ல் இது ஓடும், இந்தப் பதிப்பு வேண்டும்" என்றோ, "கழற்றிவிட்டுப் பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்" என்றோ எழுத்தில் சொல்ல வேண்டும். பெயர் கிடைக்காத வரி இருக்கும் சர்வருக்குத் தேதி கிடையாது. மொத்த வேலையிலும் அதிக நாள் பிடித்தது இதற்குத்தான்.

அடுத்து, எதை லீப் பக்கமே கொண்டு போகக் கூடாது என்ற முடிவு. பேஸ்மேக்கர் கிளஸ்டரில் (ஒன்று விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்கும் சர்வர் கூட்டம்) இருக்கும் நோடுகளை ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இப்படி உயர்த்துவதை ரெட் ஹாட் ஆதரிப்பதில்லை, ஆகவே அவை முதலிலேயே வெளியே. பழைய ஃபிசிக்கல் சர்வர்களில் பிரச்சினை வேறு மாதிரி. 8-ல் பல பழைய ஸ்டோரேஜ் கார்டுகளுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். இதில் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு, ஏனென்றால் மெகாரெய்டு சாஸ் என்ற டிரைவர் 8-லும் இருக்கிறது, பெயரை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த டிரைவருக்குள்ளிருந்து டெல்லின் பெர்க் 5, பெர்க் 6 காலத்துக் கார்டுகளின் பிசிஐ ஐடிகள் (கார்டை அடையாளம் காட்டும் எண்கள்) நீக்கப்பட்டுவிட்டன. கெர்னல் ஏறும், டிரைவர் ஏறும், டிஸ்க் மட்டும் கண்ணில் படாது. ஈஎல்ரெப்போ என்ற சமூகத் திட்டத்தில் இதற்கான டிரைவர்கள் கிடைக்கின்றன என்பது உண்மைதான், ஆனால் உற்பத்திச் சர்வரின் பூட் டிஸ்க்கை ஒவ்வொரு கெர்னல் பேட்சுக்கும் அதை நம்பி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சர்வர்களுக்குத்தான் நீட்டிப்பு ஆதரவு வாங்கினோம், விஎம்மாக மாற்றும் வரைக்கும்.

டேட்டாபேஸ் சர்வர்களைத் தனி வகையாக வைத்தோம். 7-ன் கூடவே வரும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் பதிப்பு 9.2. 8-ல் இயல்பாக வருவது 10. லீப் பேக்கேஜை மாற்றும், டேட்டா கோப்பகத்தைத் தொடாது. மேலே வந்ததும் சர்வீஸைக் கிளப்பினால், இந்த டேட்டா 9.2-ன் வடிவத்தில் இருக்கிறது, எனக்குப் புரியாது என்று சொல்லி நின்றுவிடும். எனவே முன்கூட்டியே முழு டம்ப் (டேட்டாவின் நகல்) எடுத்து, புதிய பதிப்பில் ஏற்றுவதையும் டவுன்டைம் கணக்கில் சேர்க்க வேண்டும். சின்ன டேட்டாபேஸ் என்றால் பரவாயில்லை. பெரிதாக இருந்தால் புதுச் சர்வர் எழுப்பி நகர்த்துவதற்கு ஆகும் அதே நேரம்தான் இங்கேயும் ஆகும், அப்புறம் எதற்கு இந்த வம்பு? பெரியவற்றை அப்படியே புதுச் சர்வருக்கு மாற்றிவிட்டோம்.

மீதி இருந்தவற்றில் லீப்பின் முன்பரிசோதனையை ஓட்டினோம். அது எதையும் மாற்றாது, அறிக்கை மட்டும் எழுதும், அதனால் பகலிலேயே ஓட்டலாம், கொஞ்சம் ஐஓ ஏறும் அவ்வளவுதான். முன்பரிசோதனைக்கு முன் சர்வர் 7.9-ன் கடைசிப் பேட்ச் வரை ஏறியிருக்க வேண்டும், நிறுவியிருக்கும் கெர்னல்களில் புதியதிலேயே பூட் ஆகியிருக்க வேண்டும், யம் வெர்ஷன்லாக் (பேக்கேஜை ஒரே பதிப்பில் பூட்டி வைப்பது) போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் ரீபூட் பார்க்காத சர்வர் என்றால் இந்த ரீபூட்டை அப்கிரேடுக்கு ஒரு வாரமாவது முன்னால், தனி டிக்கெட்டில் செய்துவிடுங்கள். எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் யாரோ எழுதி வைத்த தப்பான வரியெல்லாம் அப்போதுதான் வெளியே வரும், அதை அப்கிரேடின் தலையில் கட்டிவிடுவார்கள்.

அறிக்கையில் சிவப்பில் இன்ஹிபிட்டர் என்று வருவது எல்லாம் தடை, அதைத் தீர்க்காமல் லீப் நகராது. எங்களுக்கு மறுபடி மறுபடி வந்தவை ஒரு கைப்பிடிதான். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) அமைப்பில் பெர்மிட்-ரூட்-லாகின் வரி வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பது முதலாவது. 8-ல் அதன் இயல்பு நிலை மாறுவதால், ரூட்டாக உள்ளே வரும் ஆள் வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று கேட்கிறது. வேண்டிய மதிப்பை எழுதிவிட்டால் முடிந்தது. விஎம்களில் ஃப்ளாப்பி, பாட்டா-ஏசிபிஐ என்ற கெர்னல் மாட்யூல்கள் ஏறியிருக்கும், இரண்டும் 8-ல் இல்லை, இறக்கிவிட வேண்டும். விஎம் அமைப்பிலிருந்தே ஃப்ளாப்பி டிரைவை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, 2024-ல் அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. ஈத் 0, ஈத் 1 என்று பழைய பாணிப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் கார்டு இருந்தால் தடை. இதை அவசரமாகத் தீர்க்காதீர்கள். பெயரை மாற்றினால் ஃபயர்வால் விதி, ரூட்டிங், அப்ளிகேஷனின் கான்ஃபிக் என்று அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடமெல்லாம் தேட வேண்டிவரும். அப்புறம் ஆன்சர்ஃபைல் என்ற கோப்பில் பாம்-பிகேசிஎஸ்11 மாட்யூலை நீக்கச் சம்மதமா என்ற கேள்விக்கு ட்ரூ என்று எழுத வேண்டும். ஸ்மார்ட் கார்டு வைத்து லாகின் செய்யாதவர்களுக்கு இது வெறும் சடங்கு, ஆனால் எழுதாவிட்டால் நகராது. நான் ஓட்டிய பதிப்பில் எஃப்எஸ்டேபில் என்எஃப்எஸ் மவுன்ட் (நெட்வொர்க் வழியாக இணைத்த கோப்பகம்) இருந்தாலும் தடை விழுந்தது. வரியைக் கமென்ட் செய்து, மவுன்ட்டை இறக்கி, முடிந்த பிறகு திருப்பிப் போட்டோம். திருப்பிப் போடுவதையும் டிக்கெட்டில் ஒரு படியாக எழுதிவிடுங்கள்.

பூட் பகுதியில் 100 எம்பியாவது காலியாக இல்லாவிட்டால் அறிக்கை அங்கேயே நிறுத்திவிடும், பழைய கெர்னல்களைக் களைந்தால் போதும். இதைவிட நுட்பமான ஒன்று எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருக்கிறது. 7-ன் ஆரம்பப் பதிப்புகளில் நிறுவிய சர்வர்களில் எக்ஸ்எஃப்எஸ்-இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் எஃப்டைப் என்பது 0 என்று காட்டும். லீப் தன் ஒத்திகையை ஓவர்லே கோப்பு முறைமையின் மேல் செய்கிறது, அதற்கு இந்த மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். 0 என்றால் அது ஒரு இமேஜ் கோப்பை உருவாக்கி அதற்குள் வேலை செய்யும், அந்தக் கோப்பின் அளவு இயல்பாக 2048 எம்பி. பேக்கேஜ்கள் அதிகம் இருக்கும் சர்வரில் அது போதாமல், டிஸ்க்கில் தாராளமாக இடம் இருக்கும்போதே இடமில்லை என்ற பிழை வரும். டிஎஃப் போட்டுப் பார்த்தால் பாதி டிஸ்க் காலி, கருவியோ இடமில்லை என்கிறது, பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். லீப்-ஓவிஎல்-சைஸ் என்ற சூழல் மாறியில் அளவைக் கூட்டிக் கொடுத்து ஓட்டினால் தீர்ந்தது.

ஒத்திகைக்கு விஎம்மை க்ளோன் செய்தோம். இங்கே ஜாக்கிரதை. க்ளோன் எழுந்ததும் தான் க்ளோன் என்று அதற்குத் தெரியாது, உள்ளே இருக்கும் கிரான் வேலைகள் தங்கள் நேரத்துக்கு ஓடும், வாடிக்கையாளருக்கு மெயில் போகும், கோப்பு இரண்டாம் முறை அனுப்பப்படும். நெட்வொர்க்கை மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் லீப்புக்கு ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) கிடைக்காது. அதனால் தனி விலேன் (பிரித்து வைத்த நெட்வொர்க்) ஒன்று கேட்டு வாங்கி, அதிலிருந்து உள்ளூர் ரெப்போ மிரருக்கு மட்டும் வழி திறந்து, லீப்பை சப்ஸ்கிரிப்ஷன் இல்லாமல் ஓட்டும் விருப்பத்தோடு ஓட்டினோம். க்ளோனில் இருக்கும் சப்ஸ்கிரிப்ஷன் அடையாளம் அசலுடையதுதான், அதைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒரே பெயரில் மோதும். ஒத்திகையின் இன்னொரு பலன் நேரக் கணக்கு. ரீபூட் ஆனதிலிருந்து லாகின் வரும் வரை எவ்வளவு என்று க்ளோனில் அளந்து, அதை இரண்டால் பெருக்கி டவுன்டைம் கேட்டோம். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும் சர்வரில் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் அணுகல் கட்டுப்பாடு) மறுபடி லேபிள் ஒட்டும் கட்டமே பேக்கேஜ் மாற்றத்தைவிட நீளமாகப் போனது, இதை ஒத்திகை இல்லாமல் யாராலும் ஊகித்திருக்க முடியாது.

ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது) என்ற வார்த்தையை எல்லாத் திட்டத்திலும் எழுதுவார்கள், "ஸ்னாப்ஷாட் இருக்கிறது" என்று ஒரு வரி. ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எல்லா டிஸ்க்கையும் எடுக்கிறதா என்று பாருங்கள். இன்டிபென்டன்ட் என்று அமைத்த டிஸ்க்குகள் அதில் சேராது, ஃபிசிக்கல் முறையில் இணைத்த ஆர்டிஎம் லன்னையும் (ஸ்டோரேஜிலிருந்து நேரடியாக விஎம்முக்குக் கொடுத்த டிஸ்க்) எடுக்காது. ஃபிசிக்கல் சர்வரில் எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பகுப்பு அடுக்கு) ஸ்னாப்ஷாட் எடுத்தால் பூட் பகுதி பெரும்பாலும் எல்விஎம்முக்கு வெளியே இருக்கும், அதைத் தனியாக நகல் எடுக்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், திரும்பிப் போக முடியாத புள்ளி எது என்று முன்கூட்டியே முடிவு செய்வது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் ஓஎஸ் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் டேட்டாவும் திரும்பிவிடும். காலையில் பயனர்கள் உள்ளே வந்து பத்து பில் போட்டுவிட்டார்கள் என்றால் அந்தப் பத்தும் போய்விடும். எனவே பயனர்களை உள்ளே விடுவதற்கு முன், அப்ளிகேஷன் பொறுப்பாளர் சோதித்து "விடலாம்" என்று சொல்லும் வரைதான் ரோல்பேக். அதற்குப் பிறகு என்ன உடைந்தாலும் அங்கேயே நின்று சரிசெய்வது. ஸ்னாப்ஷாட்டை நாள்கணக்கில் விட்டு வைக்கவும் கூடாது, 72 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை, மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் டெல்டா கோப்பு வளர்ந்துகொண்டே போய் டேட்டாஸ்டோரை நிரப்பிவிடும்.

உண்மையான இரவில் செய்ய அதிகம் இல்லை. ஏஜென்ட்களை நிறுத்து, ஆன்ட்டிவைரஸைக் கழற்று (அதன் கெர்னல் மாட்யூல் 3.10-க்காகக் கட்டியது, 8-ன் கெர்னல் 4.18, கூட வராது), ஸ்னாப்ஷாட் எடு, லீப் அப்கிரேட் ஓட்டு. அது பேக்கேஜ்களை இறக்கி, ஒரு முறை ஒத்திகை பார்த்து, தனக்கென ஒரு பூட் வரியைச் சேர்க்கும். ரீபூட் கொடுத்ததும் எஸ்எஸ்ஹெச் போய்விடும், அங்கிருந்து கன்சோல்தான் கதி. பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக ஏறுவது திரையில் ஓடும், பிறகு மறுபடி ரீபூட், லேபிள் வேலை, இன்னொரு ரீபூட். இடையில் நீண்ட நேரம் திரை அசையாமல் நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே கை பரபரக்கும், ரீசெட் பட்டனைத் தொடவே கூடாது. "ஒத்திகை நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும் வரை யாரும் எதையும் தொடக் கூடாது" என்று டிக்கெட்டிலேயே எழுதி வைத்திருந்தோம், அந்த வரி நிஜமாகவே உதவியது.

ஏறிய பிறகும் பட்டியல் இருக்கிறது. எஸ்இலினக்ஸை லீப் பெர்மிசிவ்வில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) விட்டுவிட்டுப் போகும், லாக் பார்த்து மறுப்புகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நாம்தான் என்ஃபோர்சிங்குக்குத் திருப்ப வேண்டும். 8-ன் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப்பின் அமைப்பில் லீப் பேக்கேஜ்களுக்காகச் சேர்த்த எக்ஸ்க்ளூட் வரியை நீக்க வேண்டும். பெயரில் இன்னும் ஈஎல்7 என்று தொங்கும் பேக்கேஜ்களைத் தேடி எடுக்க வேண்டும். பழைய ரெஸ்க்யூ கெர்னல் பூட் மெனுவில் அப்படியே இருக்கும், அதையும் அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும்.

உடைந்தவற்றில் முதலிடம் பைத்தானுக்கு. 8-ல் வெறும் "பைத்தான்" என்ற பெயரில் கட்டளையே இருக்காது, அந்தப் பெயரோடு தொடங்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் கோப்பு இல்லை என்று விழும். நிதிப் பிரிவு ஸ்கிரிப்டைப் பற்றி முன்பே தெரிந்திருந்ததால் பைத்தான் 2-ஐ நிறுவி, ஸ்கிரிப்டின் முதல் வரியில் பதிப்பையும் எழுதி வைத்தோம். ஆல்டர்நேட்டிவ்ஸ் மூலம் சர்வர் முழுமைக்கும் பைத்தான் 2-ஐ இயல்பாக்கலாம், எனக்கு அது பிடிக்காது, யார் இன்னும் பழையதில் ஓடுகிறார்கள் என்பதே மறைந்துவிடும். இரண்டாமிடம் டிஎல்எஸ் (நெட்வொர்க் பேச்சை மறைகுறியாக்கும் முறை). 8-ன் கிரிப்டோ கொள்கை டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இயல்பாக மூடுகிறது, 2048 பிட்டுக்குக் குறைவான ஆர்எஸ்ஏ சாவியையும் ஏற்காது. பயனர் விவரங்கள் இருக்கும் ஒரு பழைய எல்டாப் சர்வரின் சான்றிதழ் 1024 பிட்டில் இருந்தது, அதோடு பேசும் அப்ளிகேஷனில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. கொள்கையை லெகஸிக்கு (பழையவற்றையும் அனுமதிக்கும் நிலை) மாற்றினால் உடனே சரியாகும், தற்காலிகமாக அதைத்தான் செய்தோம், ஆனால் சான்றிதழ் மாற்றும் தேதியை அதே டிக்கெட்டில் போட்ட பிறகுதான். அதே மாதிரி நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபிடி 8-ல் இல்லை, க்ரோனி வந்துவிடும். லீப் அமைப்பை ஓரளவு மாற்றிக் கொடுக்கிறது, நேரம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டோம், சிக்கல் எதுவும் வரவில்லை.

இப்போது கேள்வி 9. 7-லிருந்து நேரே 9-க்குப் போக வழியில்லை, 8.10 போய் அங்கிருந்துதான் அடுத்தது. 8-க்கே 2029 மே வரை பராமரிப்பு இருப்பதால் எல்லாவற்றையும் உடனே நகர்த்த வேண்டியதில்லை, வெளியுலகத்தைப் பார்த்து நிற்கும் சர்வர்களை மட்டும் எடுத்திருக்கிறோம். முன்பரிசோதனையில் எல்லாவற்றிலும் விழுந்த தடை ஒன்றே: ஃபயர்வால்டி அமைப்பில் அலௌ-ஸோன்-ட்ரிஃப்டிங் எஸ் என்று இருக்கிறது, நோ என்று மாற்றினால் போய்விடும். தலைவலி தரப்போவது வேறொன்று. 9-ல் இயல்பாக எஸ்ஹெச்ஏ-1 (பழைய ஹாஷ் முறை) கையொப்பங்களை ஏற்பதில்லை, மானிட்டரிங் ஏஜென்ட்டின் ஆர்பிஎம் இன்னும் அந்தப் பழைய கையொப்பத்தோடுதான் வருகிறது. வென்டரிடம் புதிய பேக்கேஜ் கேட்டு டிக்கெட் போட்டிருக்கிறோம், அது வந்து சேரும் வரை அந்தத் தொகுதிக்குத் தேதி குறிக்கவில்லை.